அண்ணன் இந்தியர், தம்பி பிரெஞ்சுக்காரர்: சேர்ந்து பாய்மரப் படகு வாங்கினால் எந்த நாட்டுக் கொடி? முழு விளக்கம்

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். காரைக்கால் மாவட்டம் விழிதியூரில் அண்ணன். கையில் இந்திய பாஸ்போர்ட். பாரிஸில் தம்பி. அவர் கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட். இருவரும் ஆளுக்குப் பாதிப் பணம் போட்டு, நெடுந்தூரக் கடல் பயணத்துக்கு ஏற்ற ஒரு பாய்மரப் படகு வாங்குகிறார்கள். 12 மீட்டர் நீளம், உள்ளேயே சமையல், படுக்கை எல்லாம் இருக்கும் வகை.

இது கற்பனை உதாரணம்தான். ஆனால் ஒரே குடும்பத்தில் இரண்டு நாட்டு பாஸ்போர்ட் இருப்பது காரைக்காலில் ஆச்சரியமான விஷயம் இல்லை. அதனால் கேள்வி நிஜமானது: அந்தப் படகின் பின்பக்கம் எந்த நாட்டுக் கொடி பறக்கும்? பிடித்த கொடியைக் கட்டிக்கொள்ளலாமா? தவறான கொடி கட்டினால் என்ன ஆகும்?

முதலில், கொடி என்றால் என்ன?

கடலில் கொடி என்பது அலங்காரம் கிடையாது. அது படகின் குடியுரிமை. மனிதருக்கு பாஸ்போர்ட் எப்படியோ, படகுக்குப் பதிவுச் சான்றிதழ் அப்படி. கொடி அந்தச் சான்றிதழின் வெளி அடையாளம், அவ்வளவுதான்.

1982-ல் உருவான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் இதற்கு விதிகள் உள்ளன. இந்தியா 1995-ல் அதை ஏற்று உறுதி செய்தது. முக்கியமான 4 விஷயங்கள் இவை:

* எந்தக் கப்பலுக்குத் தன் கொடியைத் தருவது என்பதை அந்தந்த நாடே முடிவு செய்யும். ஆனால் கப்பலுக்கும் நாட்டுக்கும் உண்மையான தொடர்பு இருக்க வேண்டும்.
* ஒரு கப்பலுக்கு ஒரே ஒரு கொடிதான். நடுக்கடலில் கொடி மாற்றக் கூடாது. உடைமை உண்மையிலேயே கைமாறினாலோ, பதிவு முறைப்படி மாறினாலோ மட்டும் விதிவிலக்கு.
* வசதிக்கு ஏற்ப இரண்டு கொடிகளை மாற்றி மாற்றிக் காட்டினால், அந்தக் கப்பல் எந்த நாட்டையும் சேராததாகக் கருதப்படலாம்.
* அப்படி நாடற்றது என்ற சந்தேகம் வந்தால், எந்த நாட்டுப் போர்க்கப்பலும் சர்வதேசக் கடலில் அதை நிறுத்தி, ஏறிச் சோதிக்கலாம்.

கடலே இல்லாத நாட்டுக்கும் கொடி தரும் உரிமை உண்டு. மங்கோலியாவுக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் கப்பல் பதிவேடு வைத்திருக்கிறது.

பிரான்ஸ் கொடியை வைத்து நடந்த பழைய வழக்கு

"எங்க ஊருக்கும் பிரான்ஸுக்கும் பழைய பந்தம் இருக்கே, அந்தக் கொடி கிடைக்காதா?" என்று சிலர் கேட்கலாம். இதே மாதிரி ஒரு விவகாரம் 120 வருடங்களுக்கு முன்பே சர்வதேச நடுவர் மன்றம் வரை போயிருக்கிறது.

ஓமன் நாட்டில், குறிப்பாக ஸூர் துறைமுகத்தில், சில பாய்மரக் கப்பல் உரிமையாளர்கள் பிரெஞ்சுப் பத்திரம் வாங்கி பிரெஞ்சுக் கொடி கட்டி ஓட்டினார்கள். அந்தக் கொடி இருந்தால் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் எளிதில் சோதனை போட முடியாது. அடிமை வணிகத்தைத் தடுக்கும் சோதனைகளுக்கு இது இடைஞ்சல் என்று பிரிட்டன் ஆட்சேபித்தது. வழக்கு ஹேக் நகரில் உள்ள நிரந்தர நடுவர் மன்றத்துக்குப் போனது.

1905 ஆகஸ்ட் 8 அன்று தீர்ப்பு வந்தது. பொது விதியாக, தன் கொடியை யாருக்குத் தருவது என்பது ஒவ்வொரு அரசின் உரிமை என்று மன்றம் சொன்னது. ஆனால் பிரான்ஸ் அதற்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்த சர்வதேச உடன்படிக்கைகள் அந்த உரிமைக்கு எல்லை போடுகின்றன என்றும் சொன்னது. பழைய உரிமை உள்ள சிலருக்கு மட்டும் கொடி நிலைத்தது. அது அவர்களின் வாரிசுகளுக்குப் போகாது, வேறு கப்பலுக்கும் மாற்ற முடியாது என்றும் தெளிவாக்கியது.

அதாவது ஊரின் பழைய பந்தம் போதாது. உரிமையாளர் இன்று யார், அவர் கையில் என்ன ஆவணம் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

காரைக்காலுக்கு 1962 ஏன் முக்கியம்?

காரைக்கால் 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவுக்கு மாறியது. 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் சட்டப்படி அமலுக்கு வந்தது.

அந்த ஒப்பந்தத்தின்படி, இங்கே பிறந்து இங்கேயே வசித்த பிரெஞ்சுக் குடிமக்கள் தானாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் 6 மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அன்று தாத்தா எழுதிக் கொடுத்தாரா இல்லையா என்பதுதான், இன்று பேரன் கையில் இருக்கும் பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பல குடும்பங்களில் முடிவு செய்திருக்கிறது. படகு வாங்கும்போதும் அதே பாஸ்போர்ட்தான் பேசும்.

பிரெஞ்சுக் கொடி: பாதி இருந்தால் போதும்

பிரான்ஸில் படகுப் பதிவுக்கு முன்பு இரண்டு தனித்தனி நடைமுறைகள் இருந்தன. 2022 ஜனவரி 1 முதல் அவை ஒன்றாக்கப்பட்டு, கடல்சார் துறையிடம் ஒரே பதிவாக நடக்கிறது.

உல்லாசப் படகுக்கான அடிப்படை விதி இதுதான்: படகில் குறைந்தது பாதி உடைமை பிரான்ஸ் அல்லது ஐரோப்பிய ஒன்றியம், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியைச் சேர்ந்த நாட்டுக் குடிமக்களிடம் இருக்க வேண்டும். அவர் வருடத்தில் 6 மாதத்துக்கும் குறைவாக பிரான்ஸில் தங்குபவர் என்றால், அங்கே ஒரு சட்டபூர்வ முகவரியைக் குறித்துக் காட்ட வேண்டும்.

நம் உதாரணத்துக்கு வருவோம். தம்பியிடம் சரியாகப் பாதி இருக்கிறது. அதனால் இந்த உடைமை விதியைப் படகு தாண்டிவிடும். அண்ணனின் இந்திய பாஸ்போர்ட் அதற்குத் தடை இல்லை. ஆனால் அண்ணன் 51 சதவீதம் வாங்கிவிட்டால் கதை மாறிவிடும்.

இங்கே இன்னொரு விஷயம். பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு ஓய்வுபெற்று காரைக்காலிலேயே வசிப்பவருக்கும் இந்த விதி பொருந்தும். வசிப்பிடம் விழிதியூரா பாரிஸா என்பது இரண்டாம் பட்சம். குடியுரிமைதான் முதல் கேள்வி.

கொடியோடு செலவும் வரும். 7 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுகளுக்கு பிரான்ஸில் ஆண்டு வரி உண்டு. பழைய படகாக இருந்தால் வயதுக்கு ஏற்பக் கழிவு கிடைக்கும்.

இந்தியக் கொடி: பாதி போதாது

இந்தியாவில் 1958-ம் வருட வணிகக் கப்பல் சட்டம் வேறு கணக்கு சொல்கிறது. கப்பல் முழுக்க முழுக்க இந்தியர்களுக்குச் சொந்தமாக இருந்தால்தான் அது இந்தியக் கப்பல். இந்தியக் குடிமக்கள், இந்தியாவைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் இதில் வரும். ஒரு பங்கு வெளிநாட்டவரிடம் இருந்தாலும் வராது.

ஆக, அண்ணன் தம்பி படகுக்கு இந்தச் சட்டத்தில் இந்தியக் கொடி கிடையாது. பிரான்ஸுக்குப் போதுமான அதே 'பாதி', இந்தியாவுக்குப் போதவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. முழுவதும் இந்தியருக்குச் சொந்தமான படகு என்றால், அதைப் பதிவு செய்வது விருப்பம் இல்லை, கடமை. 15 நிகர டன்னுக்கு மேற்படாமல், இந்தியக் கரையோரத்தில் மட்டும் ஓடும் படகுகளுக்குத்தான் இந்தச் சட்டத்தின் பதிவில் விலக்கு. இங்கே டன் என்பது எடை அல்ல. படகின் உள்ளே இருக்கும் இட அளவைக் கணக்கிடும் அலகு. சிறிய படகாக இருந்தாலும், கரையோரத்தை விட்டு இலங்கைக்கோ மாலத்தீவுக்கோ போக வேண்டும் என்றால் இந்த விலக்கு உதவாது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய வணிகக் கப்பல் சட்டம் இந்தக் கதவைக் கொஞ்சம் திறக்கிறது. முழு உடைமை என்ற கட்டாயத்தைத் தளர்த்தி, இந்தியக் குடிமக்களோடு ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களும் உரிமையாளராக இருக்க வழி செய்கிறது. எவ்வளவு பங்கு என்பதை மத்திய அரசு அறிவிக்கும். பிரெஞ்சு பாஸ்போர்ட்டும் ஓசிஐ அட்டையும் வைத்திருக்கும் காரைக்கால்காரர்கள் கவனிக்க வேண்டிய மாற்றம் இது. விண்ணப்பிக்கும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்பதை சென்னையில் உள்ள வணிகக் கடல்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு சின்னத் தகவல்: இந்தியாவில் பதிவான வணிகக் கப்பலின் பின்புறம் பறப்பது, வீட்டில் ஏற்றும் அதே மூவர்ணக் கொடி இல்லை. சிவப்புத் துணியின் மேல் மூலையில் மூவர்ணம் இருக்கும் தனிக் கொடி.

லண்டன் மாமா, அமெரிக்க அத்தை பெயரில் வாங்கினால்?

ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு கேள்வி கேட்கும்.

பிரிட்டன்: சிறு கப்பல்களுக்குத் தனிப் பதிவேடு உண்டு. படகு 24 மீட்டருக்குள் இருக்க வேண்டும். வருடத்தில் 185 நாட்களாவது பிரிட்டனில் வசிக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரில் இதில் பதிய முடியாது. பதிவு 5 வருடங்களுக்குச் செல்லும்.

அமெரிக்கா: கடலோரக் காவல்படை தரும் தேசியப் பதிவுக்குப் படகு குறைந்தது 5 நிகர டன் இருக்க வேண்டும். உரிமையாளர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். கிரீன் கார்டு மட்டும் இருந்தால் போதாது.

கவனித்தீர்களா? பிரிட்டனின் இந்தப் பதிவேடு எங்கே வசிக்கிறீர்கள் என்பதை அழுத்திக் கேட்கிறது. அமெரிக்காவும் பிரான்ஸும் எந்த நாட்டுக் குடிமகன் என்று கேட்கின்றன. படகு எங்கே கட்டப்பட்டது, எங்கே நிற்கிறது என்பது இந்தக் கேள்விகளுக்குப் பதில் ஆகாது.

உறவினர் பெயரில் வாங்கும்போது இன்னொன்றையும் யோசிக்கணும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். பணம் போட்டவர் பெயர் சான்றிதழில் இல்லை என்றால், பிற்பாடு சண்டை வந்தால் நிரூபிக்கும் சுமை அவர் தலையில்.

பனாமா, லைபீரியா கொடி ஏன் இவ்வளவு பிரபலம்?

சில நாடுகள் வெளிநாட்டவருக்கும் தாராளமாகப் பதிவு தருகின்றன. பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் இதில் பெரிய பெயர்கள். உல்லாசப் படகுகளுக்கு மால்டா, கேமன் தீவுகள், குக் தீவுகள் போன்றவையும் உண்டு. உள்ளூரில் ஒரு நிறுவனம் தொடங்கியோ, பிரதிநிதி ஒருவரை வைத்தோ பதிவு வாங்கும் ஏற்பாடு சகஜம்.

2025 மே மாதம் கொச்சிக்கு அருகே கடலில் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 நினைவிருக்கலாம். அது லைபீரியாவில் பதிவான கப்பல். நம் கரையோரமாகப் போகும் சரக்குக் கப்பல்களின் பின்புறத்தில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்தால், அந்த ஊருக்கே போகாத கப்பல்கள் நிறைய இருக்கும்.

ஆனால் கொடி கொடுத்த நாடு காப்பாற்றுமா என்பது வேறு கேள்வி. 2013 அக்டோபரில் தூத்துக்குடி அருகே பிடிக்கப்பட்ட சீமேன் கார்டு ஓஹையோ கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். உரிமை அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனத்துடையது. கொடி சியரா லியோனுடையது. உள்ளே இருந்த 35 பேரில் இந்தியர், பிரிட்டிஷார், எஸ்டோனியர், உக்ரைனியர் இருந்தார்கள். ஆயுதங்களோடு இந்தியக் கடல் எல்லைக்குள் வந்ததாக வழக்கு. 2016 ஜனவரியில் 5 வருடச் சிறைத் தண்டனை. 2017 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவர்களை விடுவித்தது. நடுவில் போன வருடங்கள் திரும்பி வராது. வெளிநாட்டுக் கொடி இருக்கிறது என்பதால் கரையோர நாட்டின் சட்டம் விலகி நிற்காது என்பதற்கு இது உதாரணம்.

வெளிநாட்டுக் கொடி இருந்தால் வரி இல்லையா?

இதுதான் அதிகம் பேர் நம்பும் தவறான தகவல். கொடி வேறு, வரி வேறு.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர், வெளியே பதிவான படகை அங்கே கொண்டுபோனால், 18 மாதம் வரை வரி கட்டாமல் தற்காலிகமாக வைத்திருக்கலாம். ஆனால் பாரிஸில் வசிக்கும் தம்பி, வரியைத் தவிர்க்கக் கேமன் தீவுக் கொடி கட்டினால் இந்தச் சலுகை கிடைக்காது. காரணம், சலுகைக்கு கொடியோடு வசிப்பிடத்தையும் பார்க்கிறார்கள்.

இந்தியாவிலும் அப்படித்தான். வெளிநாட்டுப் படகை இங்கேயே வைத்துப் பயன்படுத்தக் கொண்டுவந்தால் அது இறக்குமதி. சுங்க வரியோடு ஜிஎஸ்டியும் சேரும். 2025 செப்டம்பர் 22 முதல் உல்லாசப் படகுகளுக்கான ஜிஎஸ்டி 40 சதவீதம். அதற்கு முன்பு 28 சதவீதமும் அதன் மேல் இழப்பீட்டு செஸ்ஸும் இருந்தது.

பிரெஞ்சுக் கொடியோடு காரைக்கால் வந்தால்?

நேராக அரசலாறு முகத்துவாரத்துக்குள் நுழைந்து, மீன்பிடிப் படகுகள் பக்கத்தில் கட்டிவிட முடியாது. வெளிநாட்டில் இருந்து வரும் எந்தக் கப்பலும் முதலில் சுங்கத்துறை அறிவித்த துறைமுகத்தில்தான் நிற்க வேண்டும் என்கிறது சுங்கச் சட்டம். சொந்த ஊர்க்காரர் என்றாலும் இதில் சலுகை இல்லை.

* துறைமுகம் நெருங்கும்போது மஞ்சள் கொடி ஏற்ற வேண்டும். 'சோதனைக்குத் தயார்' என்று அர்த்தம். அனுமதி கிடைத்ததும் அதை இறக்கி, மரியாதைக்காக இந்தியக் கொடியைப் பாய்மரத்தின் வலப்பக்கம் ஏற்றுவது மரபு. சொந்தக் கொடி பின்புறத்தில் இருக்கும்.
* சுங்கம், குடிவரவு, சுகாதாரம் மூன்றும் தனித்தனியாக ஆவணம் கேட்கும். படகில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அவரவர் பாஸ்போர்ட்டுக்கு ஏற்ற விசா அல்லது ஓசிஐ அட்டை வேண்டும். படகின் கொடி ஆட்களுக்கு விசா ஆகாது.
* சாட்டிலைட் போன் இருந்தால் ரொம்ப கவனம். அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். கடல் பயணிகள் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஆபத்து வந்தால் கொடி பார்ப்பார்களா?

உயிரைக் காப்பாற்றும்போது பார்க்க மாட்டார்கள். கடலில் தத்தளிப்பவருக்கு உதவ வேண்டும் என்பது எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் பொதுக் கடமை.

2018 செப்டம்பரில் இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, கோவாவில் கட்டிய 'துரியா' என்ற பாய்மரப் படகில் தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் போட்டியில் இருந்தார். தென் இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கிப் பாய்மரம் முறிந்தது. முதுகில் பலத்த காயம். ஆஸ்திரேலியா மீட்புப் பணியை ஒருங்கிணைத்தது. செப்டம்பர் 24 அன்று அவரைத் தூக்கியது 'ஒசிரிஸ்' என்ற பிரெஞ்சு ரோந்துக் கப்பல். யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை.

ஆனால் மீட்புக்குழு உங்களைத் தேடிக் கண்டுபிடிக்கப் பதிவு விவரம் உதவும். படகின் ரேடியோவுக்கு 9 இலக்க எண் உண்டு. அதன் முதல் 3 இலக்கங்கள் நாட்டைச் சொல்லும். இந்தியாவுக்கு 419. பிரான்ஸுக்கு 226, 227, 228. ஆபத்து சமிக்ஞைக் கருவியும் இப்படி ஒரு நாட்டோடு பதிவாகியிருக்கும். பழைய படகு வாங்கிக் கொடியை மாற்றிவிட்டு, இந்தக் கருவியின் பதிவை மாற்ற மறந்தால், உங்கள் அபாய அழைப்பு பழைய உரிமையாளரின் நாட்டுக்குப் போய், அவருடைய போன் அடிக்கும்.

உயிர் தப்பிய பிறகு வழக்கு என்று வந்தால்தான் கொடியின் முழு அர்த்தம் தெரியும். 2013-ல் கிரீன்பீஸ் அமைப்பின் ஆர்க்டிக் சன்ரைஸ் கப்பலை ரஷ்யா பிடித்தது. அதில் 18 நாடுகளைச் சேர்ந்த 30 பேர் இருந்தார்கள். சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனது அந்த 18 நாடுகள் இல்லை. கொடி கொடுத்த நெதர்லாந்து போனது. நவம்பர் 22 அன்று, 36 லட்சம் யூரோ பிணைத்தொகையில் கப்பலையும் ஆட்களையும் விடுவிக்கத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

நம் பக்கத்து உதாரணமும் உண்டு. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலில் இத்தாலியக் கப்பல் என்ரிகா லெக்சியில் இருந்த கடற்படையினர் சுட்டதில், 'செயின்ட் ஆண்டனி' படகில் இருந்த 2 மீனவர்கள் உயிரிழந்தனர். அந்தப் படகு 1958 சட்டத்தில் பதிவாகவில்லை, சம்பவத்தின்போது இந்தியக் கொடி பறக்கவும் இல்லை என்ற விவரம் 2013 ஜனவரி 18 தேதியிட்ட உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இடம்பெற்றது. இறந்தவர்களுக்கு நியாயம் கேட்கும் வழக்கிலும் படகின் பதிவு பேசுபொருள் ஆனது. கடைசியில் வழக்கை முடிவு செய்தது கொடி அல்ல. இத்தாலிய வீரர்களுக்கு அரசுப் பணியாளர் என்ற பாதுகாப்பு உண்டு, ஆனால் இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்று 2020-ல் நடுவர் மன்றம் சொன்னது. 10 கோடி ரூபாய் இழப்பீட்டுக்குப் பிறகு 2021 ஜூனில் இங்கே வழக்கு முடிக்கப்பட்டது.

படகு வாங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

1. பணம் கொடுக்கும் முன்பே யார் யாருக்கு எத்தனை பங்கு என்று முடிவு செய்யுங்கள். 50 சதவீதமா 51 சதவீதமா என்பதில் கொடியே மாறலாம்.

2. விற்பவரிடம் விற்பனைப் பத்திரம், கட்டியவர் தந்த சான்று, வரி கட்டிய ரசீது மூன்றையும் கேளுங்கள்.

3. படகின் மேல் கடன் இருக்கிறதா என்று பழைய பதிவேட்டில் பாருங்கள். கடன் படகோடு சேர்ந்தே வரலாம்.

4. பழைய நாட்டின் பதிவில் இருந்து நீக்கிய சான்று இல்லாமல் புதிய கொடி வாங்க முயலாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு பதிவு இருந்தால் சிக்கல்.

5. புதிய பதிவு வந்ததும் படகின் பின்புறப் பெயர், பதிவு ஊர், ரேடியோ எண், ஆபத்து சமிக்ஞைக் கருவி, காப்பீடு எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள்.

6. போகப்போகும் நாடுகளின் வரி, தங்கும் கால விதிகளைத் தனியாகப் பாருங்கள். கொடி அதற்குப் பதில் சொல்லாது.

சரி, அண்ணன் தம்பி படகுக்கு விடை என்ன? சரிபாதிப் பங்கு என்றால், 1958 சட்டப்படி இந்தியக் கொடி இல்லை. மற்ற ஆவணங்கள் சரியாக இருந்தால் பிரெஞ்சுக் கொடி கிடைக்கும். தம்பியிடம் ஓசிஐ அட்டை இருந்தால், 2025 சட்டத்தின் கீழ் மத்திய அரசு அறிவிக்கும் பங்கு அளவைப் பொறுத்து இந்தியக் கொடிக்கும் வழி உண்டு. எந்தக் கொடியானாலும், நாளை படகு பிடிபட்டாலோ விபத்தில் சிக்கினாலோ எந்த நாட்டு அரசின் கதவைத் தட்டப் போகிறோம் என்பதை இருவரும் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது.